மாளிகை ஹோட்டலும் மனித சமத்துவமும்

சமத்துவத்தில் நம்பிக்கை கொண்ட ஒருவர், நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய மாளிகை ஹோட்டல் ஒன்றில் ஓர் இரவு தங்கலாமா? கேள்வி சிறுபிள்ளைத்தனமானது போலத் தோன்றலாம். கையிற் பணமிருந்தால் தங்கலாம், இல்லையேற் பேச்சுக்கே இடமில்லை என்று கூறி அப்பாற் சென்றுவிடலாம். ஆயின் இன்று இக்கேள்வி நம்மவர்க்குப் புறத்தே நிற்கும் ஒன்றன்று. கிராமியக் கல்வி பற்றியும் வறுமை ஒழிப்புப் பற்றியும் நடைபெறும் கருத்தரங்குகள் பலவும் கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்களிலேயே நடைபெறுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அட்டனிலிருந்தும் வரும் ஆசிரியர்கள், ஏற்பாட்டாளரின் செலவில், தமது மாதச் சம்பளத்திற் கணிசமான பங்கை ஓர் இரவிலே விழுங்கிவிடும் அறைகளில் உறங்கி எழுகின்றனர். ஊர் திரும்பியபின் சிலர் அதனைப் பெருமையோடு சொல்கின்றனர். சிலர் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். சொல்வோரிடத்தும் சொல்லாதோரிடத்தும் ஏதோவொரு கூச்சம் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அக்கூச்சத்தின் காரணம் யாது என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதற்கு நம் வட்டாரங்களில் இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. ஒன்று துறவியின் விடை: உழைக்கும் மக்களின் நண்பன் பஞ்சணையிற் படுத்தல் தகாது என்பது. மற்றது சமர்த்தரின் விடை: பொதுவுடைமை என்பது வறுமையைப் பங்கிடுவதன்று, இன்று சிலர்க்கு வாய்த்த சுகம் நாளை எல்லார்க்கும் வாய்க்க வேண்டும் என்பதே நம் கொள்கை, ஆகவே கூச்சம் எதற்கு என்பது. முதலாவது விடையிற் பொய்மை குறைவு, பயனும் குறைவு. இரண்டாவது கேட்பதற்கு இனிமையானது. எனினும் இவ்விரு விடைகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டும் பஞ்சணையைப் பற்றிப் பேசுகின்றன. அதனை விரித்த கைகளைப் பற்றிப் பேசவில்லை. மெத்தையும் குளிரூட்டியும் வெந்நீரும் பொருள்கள். பொருள்களைப் பெருக்கலாம், பங்கிடலாம். மாளிகை ஹோட்டல் விற்பது பொருள்களை மாத்திரமன்று. நாம் கதவருகே செல்லுமுன் கதவு திறக்கிறது. நாம் கேட்குமுன் நீர் வருகிறது. நாம் கலைத்துவிட்டுப் போன படுக்கை, நாம் காணாத வேளையிற் செம்மையாகிவிடுகிறது. ஒருவர் இவ்வண்ணம் பணிவிடை பெறுவதற்குப் பலர் பணிவிடை செய்பவராயிருத்தல் வேண்டும். எல்லாரும் ஒரே வேளையில் ஏவலராலே சூழப்பட்டிருத்தல் இயலாது. ஆகவே, நாளை எல்லார்க்கும் வாய்க்கும் என்று சமர்த்தர் சொல்லும் சுகத்தில் ஒரு பகுதி எக்காலத்திலும் எல்லார்க்கும் வாய்க்கமாட்டாதது. அந்தப் பகுதிதான் அங்கே விலை கூடியது.

பொதுப்படப் பேசுவதை விடுத்து, நம் கண்முன் நிற்கும் காலிமுக ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் தம் கோட்டைப் பீரங்கிகளுக்குத் தடையில்லாதிருக்க வெளியாக விட்ட நிலத்தில், தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856 இல் ஓர் உலாவற்சாலையைத் தொடங்கினார்; 1859 இல் அது நிறைவுற்றது. கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன்கருதி அதனைத் தமக்குப் பின்வருவோர் பேணவேண்டுமென்று கல்லிற் பொறித்தும் வைத்தார். எந்தச் சீமாட்டிகள், எவர் குழந்தைகள் என்று அக்கல் விளக்கவில்லை. அக்காலத்தில் விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அத்திடலின் தென்முனையிலே 1864 இல் ஹோட்டல் திறக்கப்பட்டது. இலங்கையின் முதற் புகைவண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியதும் அவ்வாண்டு டிசெம்பரிலேதான். இரண்டிற்கும் மூலம் ஒன்று. அது கோப்பியின் காலம்.

அந்த ஆண்டுகளில் இந்நாட்டுக்கு வந்தோர் இருவகையினர். கப்பலில் வந்து இறங்கியோர்க்கு விறாந்தையும் வெள்ளை விரிப்பும் ஐஸ் இட்ட பானமும் காத்திருந்தன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே தோணியேறி வந்தோர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையிறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் அவ்வழியில் வீழ்ந்தோர் பலர். இவர்கள் நட்ட கோப்பியே அவர்கள் தங்கிய அறைக்கு வாடகை செலுத்திற்று. 1869 இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டிற் கோப்பியிலை நோயும் தலைகாட்டிற்று. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் 1875 இற் தொடங்கப்பெற்று 1885 இல் முடிவுற, காலித் துறைமுகத்தின் கப்பல்கள் கொழும்புக்கு வரலாயின, ஹோட்டல்கள் செழித்தன. வடக்கே நடந்த அந்த வழியில் ஒரு விறாந்தையும் எஞ்சவில்லை. எனவே அவ்வழிக்கு உல்லாசப் பயணிகளும் வருவதில்லை.

இன்று அந்த ஹோட்டல் தன் அறைகளோடு தன் வயதையும் விற்கிறது. மரத்தளம், உயர்ந்த கூரை, பழைய மாடிப்படி ஆகியன பண்டங்களாகிவிட்டன. புதிய ஹோட்டல் எதுவும் எவ்வளவு பணம் கொட்டினாலும் ஆக்கமுடியாத பண்டம் இறந்தகாலம் ஒன்றே. அதனாலேயே அதற்கு மவுசு. ஆயின் விற்பனைக்கு வைக்கப்பெறும் இறந்தகாலம் சலித்தெடுக்கப்பட்டது. இளவரசர் பிலிப் கடற்படை வீரராக இலங்கையில் இருந்தபோது 1940 இல் வாங்கிய சிறு மோட்டார் வண்டி அங்கே பேணப்படுகிறது. புகழ்பெற்ற விருந்தினரின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஆதர் சி. கிளார்க் தமது நாவலொன்றின் இறுதி அத்தியாயங்களை அங்கிருந்து எழுதினார் என்பதும் பேசப்படுகிறது. இவற்றிற் பொய்யேதுமில்லை. ஆனால் அந்த மோட்டார் வண்டியைக் கழுவியவர் யார்? எழுதிய மேசையைத் துடைத்தவர் யார்? ஒன்றரை நூற்றாண்டாக அங்கே தட்டேந்தியோர், துணி வெளுத்தோர், சமையற்கட்டில் வெந்தோர் ஆகியோரின் தொகை, தங்கிச் சென்ற பெரியோரின் தொகையைப் பார்க்கிலும் பன்மடங்கு பெரிதாயிருத்தல் வேண்டும். அவர்களும் வரலாற்றில் வாழ்ந்தவர்களே. கல்லிலே இடம்பெறுவதற்கு ஓரிரவு தங்கினாற் போதும்; ஓர் ஆயுள் உழைத்தாற் போதாது.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கேரளத்திலிருந்து இளவயதில் வந்து, 1942 இல் அந்த ஹோட்டலிற் பணியேற்று, எழுபதாண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்து, 2014 நவம்பரில் 94 வயதிற் காலமான வாயிற்காவலர் கொட்டாரப்பட்டு சாத்துக் குட்டன் உலகப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றார். வெண்ணிற உடையும் நெஞ்சு நிறைந்த பதக்கங்களும் நரைத்த பெருமீசையுமாகக் கைகூப்பி நின்ற அம்முதியவரோடு படம் பிடித்துக்கொள்ளாத உல்லாசப் பயணி அரிது. அவருடைய உழைப்பையும் கண்ணியத்தையும் நாம் குறைத்துப் பேசுவோமல்லோம். பிரபுக்களும் மந்திரிகளும் வந்து போயினர், அவர் நின்றார். ஆயினும் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் பெயர் நிலைத்தமைக்குக் காரணம், அவரும் அம்மாளிகையின் பழம்பொருள்களில் ஒன்றாக எண்ணப்பட்டமை அன்றோ? தூணும் படியும் போல அவரும் பழையவர், ஆகவே பார்க்கத்தக்கவர். அவர் இந்நாட்டுக்கு வந்த 1930 களிலே, தொழிலாளர் தலைவர் என்று பேர்பெற்ற ஏ. ஈ. குணசிங்க கொழும்பு மலையாளித் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வெளியிலே 'அந்நியன்' என்ற வசையைக் கேட்டிருக்கக்கூடிய ஒரு மலையாளித் தொழிலாளி, உள்ளே பிற்காலத்தில் 'பாரம்பரியத்தின் சின்னம்' ஆனார். தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். படம் பிடித்தவர்களில் எத்தனை பேர் அவர் கதையைக் கேட்டிருப்பர்?

இனிப் புன்னகைக்கு வருவோம். பிரெஞ்சுத் தத்துவாசிரியர் சார்த்தர் 1943 இல் வெளியிட்ட 'இருத்தலும் இன்மையும்' என்னும் நூலில் ஓர் உணவகப் பரிசாரகரைக் காட்டுகிறார். அவருடைய நடை சற்று அதிக விறைப்பு, குனிவு சற்று அதிகப் பணிவு. அவர் பரிசாரகராக இருப்பதை ஒரு நாடகம் போல நடிக்கிறார். தம் சுதந்திரத்தைத் தாமே மறைத்துக்கொள்கிறார் என்பது சார்த்தரின் வாதம். நுட்பமான கவனிப்புத்தான். எனினும் அது வாடிக்கையாளரின் நாற்காலியிலிருந்து பார்த்த பார்வை. அந்த வேடத்தை அவர் கலைத்தால் மாத முடிவில் வீட்டிலே அடுப்பெரியாது என்பது அப்பார்வைக்கு அகப்படவில்லை. நடிப்பு அவருடைய ஆன்மாவின் நோயன்று. அது வேலை ஒப்பந்தத்தின் எழுதாத விதி. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1983 இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்தபோது இதனைத் தெளிவுபடுத்தினார். உடலுழைப்புப் போல உணர்ச்சியும் உழைப்பாக விற்கப்படுகிறது. சிரிப்பும் பரிவும் மேலாளராலே கண்காணிக்கப்படுகின்றன. ஆலைத் தொழிலாளி தன் கைகளை விற்கிறான், முகம் அவனுடையது. இங்கே முகமும் விற்பனைக்குரியது.

இதனால் விருந்தினர் பெறுவது என்ன? ஹெகல் 1807 இலேயே ஆண்டானையும் அடிமையையும் வைத்து இதற்கு விடை கூறிவிட்டார். ஆண்டான் வேண்டுவது பிறிதொரு மனிதன் தன்னை மதித்தலை. ஆனால் தான் மனிதனாக மதியாத ஒருவனுடைய மதிப்பு அவனுக்கு எவ்வாறு நிறைவு தரும்? காசு கொடுத்து வாங்கிய வணக்கம் வாங்கியவர்க்கே வெறுமையாகப் படுகிறது. நம் ஆசிரியர்களின் கூச்சத்துக்குக் காரணம் இதுவே என்பது நம் துணிபு. அவர்கள் வீட்டிலே தம் தகப்பனார் வயதுடைய ஒருவரை 'ஐயா' என்று எழுந்துநின்று வரவேற்பவர்கள். அங்கே அதே வயதுடைய ஒருவர் அவர்கள் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர்களை 'சேர்' என்கிறார். பெட்டியைக் கொடுக்காவிட்டால் அவர் வேலை கெடும். கொடுத்தால் மனம் கெடும். இந்தத் தடுமாற்றத்தை நாகரிகமறியாமை என்று சிரிப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பழக்கத்தால் மழுங்காத நல்லுணர்வு அது. மழுங்கிவிடுவதுதான் அஞ்சத்தக்கது.

மழுங்கினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தரப்பிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. பப்லோ நெரூடா நாம் போற்றிய கவிஞர், பாட்டாளிகளின் பாடகர். 1929 இல் அவர் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, காலிமுகத்திலிருந்து சில கட்டைத் தொலைவிலுள்ள வெள்ளவத்தையிற் கடலோர வீடொன்றில் வாழ்ந்தார். அவர் இறந்தபின் 1974 இல் வெளிவந்த நினைவுக்குறிப்புகளில், நாள்தோறும் விடியலில் வந்து தம் மலசலகூட வாளியை எடுத்துச் சென்ற ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அப்பெண்ணை அவர் ஒருநாட் காலை பலவந்தப்படுத்தினார். அவள் கண்களைத் திறந்தபடி கற்சிலை போல இருந்தாள் என்றும், அவள் தம்மை இகழ்ந்தது சரியே என்றும் அவரே பதிவுசெய்துள்ளார். அவளுக்குப் பெயரில்லை. அதற்குப் பின் அவள் எங்கே போனாள் என்பதும் அந்நூலில் இல்லை. ஆராதனை மிகுந்த காலத்தில் நம்மவர் பலர் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே சென்றனர். ஹோட்டலில் தங்குவோரெல்லாம் இத்தகையோர் என்று நாம் சொல்ல வரவில்லை. பணிவிடை செய்பவரைப் பார்க்காமலிருக்கப் பழகிய கண், கவிஞனுடையதாயினும், தோழனுடையதாயினும், குருட்டுக் கண்ணே என்பதற்காக இதனைக் கூறினோம்.

ஹோட்டலின் மொழியில் நாம் 'விருந்தினர்'. அச்சொல்லைத் தமிழர் எளிதில் விட்டுக்கொடுத்தலாகாது. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார், வாணிபத்தில் வைக்கவில்லை. விருந்தோம்புபவன் தானே இலை போடுகிறான். விருந்தினன் உண்டபின் தான் உண்கிறான். நாளை அவன் இவன் வீட்டுக்கு விருந்தினனாகப் போகவும் கூடும். தட்டேந்தி வரும் பரிசாரகர் நாளை அதே மேசையில் நம் எதிரே அமர்ந்து உண்ணக்கூடுமா? கூடாதெனில், அங்கே நடப்பது விருந்தன்று. விருந்தின் பெயரால் நடக்கும் விற்பனை. விற்பனை குற்றமென்று நாம் கூறவில்லை. கூலிக்கு வேலை செய்வது இழிவுமன்று. விற்பனையை விருந்தென்று அழைக்கும்போது, கூலி பற்றிய பேச்சு நாகரிகமற்ற பேச்சாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தவர் சமையற்காரருக்கு என்ன சம்பளம் என்று கேட்பாரா?

இப்படிக் கூறும்போது, தமிழர் பண்பாட்டை உயர்த்திப் பேசிப் பெருமூச்சுவிடும் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துவிட வேண்டாம். நமக்கும் நம்முடைய 'ஹோட்டல்' வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாங்கிலில் அமர முடியவில்லை. புறத்தே நின்று, தகரப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் வாங்கினர். விருந்தோம்பல் அதிகாரத்தை மனனம் செய்து பரிசு பெற்ற மாணவர்கள் அக்கடைகளின் உள்ளே அமர்ந்து குடித்தனர். 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வாங்கில் கிடைக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. பொலிசாரின் தடியடியையும் தாங்க வேண்டியிருந்தது. சங்கானையிலும் நிச்சாமத்திலும் ஒரு கோப்பைத் தேநீருக்காக மக்கள் உயிரையும் பணயம் வைத்தனர். அவர்கள் கேட்டது தேநீரையன்று. அதே கோப்பையில், அதே வாங்கிலில், அதே முகத்தோடு தரப்படுதலையே கேட்டனர். பணிவிடையின் சாரம் பொருளில் இல்லை, இருவருக்கிடையிலான உறவிலே உள்ளது என்பதை அந்த எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்கள் நம் தத்துவாசிரியர்களைக் காட்டிலும் தெளிவாக அறிந்திருந்தனர்.

ஒரு கதவு நிறத்தாலும் சாதியாலும் அடைபட்டிருந்து, பின்னர் திறந்தது போலத் தோன்றி, விலையால் மறுபடி அடைபடுவதும் உண்டு. பம்பாயில் வெள்ளையர் ஹோட்டலொன்றில் அநுமதி மறுக்கப்பட்டதனாலேயே ஜம்செட்ஜி டாட்டா 1903 இல் திறந்த தாஜ்மகால் ஹோட்டலைக் கட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. கதையை மெய்யென்றே கொண்டாலும், அந்த அவமானத்துக்குக் கிடைத்த பரிகாரம் யாருக்கானது? 2008 நவம்பரில் அந்த ஹோட்டல் தாக்கப்பட்டபோது, தப்பி ஓடக்கூடியதாயிருந்தும் ஓடாமல் நின்று விருந்தினரைக் காத்த பணியாளர் பலர். அவர்களிற் சிலர் உயிரிழந்தனர். அத்தியாகம் இன்று முகாமைத்துவக் கல்லூரிகளிற் சேவைப் பயிற்சியின் வெற்றி என்று பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மனிதன் மனிதனுக்காகச் செய்ததை நிறுவனம் தன் கணக்கிலே வரவு வைத்துக்கொள்கிறது.

கொழும்புக்குத் திரும்புவோம். 1930 இற் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம் திடலின் வடமுனையில், ஹோட்டல் தென்முனையில். இடையிலே மக்கள். 1956 யூன் 5 அன்று, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் செல்வநாயகத்தின் தலைமையில் அத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தபோது குண்டர்கள் அவர்களைத் தாக்கினர். 2022 ஏப்பிரல் 9 அன்று அதே திடலின் வடமுனையிற் கூடாரங்கள் எழுந்தன. மே 9 அன்று தாக்கப்பட்டன. யூலை 22 அதிகாலை படையினராலே அகற்றப்பட்டன. திடலை நோக்கிய அறைக்கு வாடகை கூட, காட்சி அழகானதாம். காட்சியாகக் காணுதற்குத் தொலைவு வேண்டும். அத்தொலைவும் வாடகையில் அடங்கும். பழைய மாளிகைகளைப் பற்றிய சுற்றுலா நூல்களிற் சூரியன் மறைவது வருகிறது. அந்த யூன் மாதம் வருவதில்லை.

கூலிக்கு வருவோம், பேச்சு நாகரிகமற்றதாயினும் ஆகுக. நம் நாட்டு ஹோட்டல்களிற் பட்டியலின் அடியில் நூற்றுக்குப் பத்து 'சேவைக் கட்டணம்' சேர்க்கப்படுகிறது. அத்தொகை திரட்டப்பட்டு, பணியாளர்க்குப் புள்ளிக் கணக்கிற் பகிரப்படுகிறது. அடிப்படைச் சம்பளம் சிறிது; சேவைக் கட்டணம் பலருடைய வருமானத்தில் பெரும்பங்கு. இது தாராளமான ஏற்பாடு போலத் தோன்றும். இதன் உட்பொருள் வேறு. அறைகள் வெறுமையாகும்போது, நட்டத்தின் ஒரு பங்கு முதலாளியின் தோளிலிருந்து தொழிலாளியின் தோளுக்கு மாற்றப்படுகிறது. 2019 ஏப்பிரல் 21 அன்று கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் நாட்டின் தேவாலயங்களிலும் குண்டுகள் வெடித்து 250 க்கு மேற்பட்டோர் மாண்டனர். காலையுணவு பரிமாறிக்கொண்டிருந்த பணியாளரும் அவர்களுள் அடங்குவர். எஞ்சியோர்க்கு அடுத்த மாதங்களிற் சேவைக் கட்டணம் இல்லை. 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடப்பட்டது. 2022 இல் எரிபொருளில்லை, பயணிகளுமில்லை. மூன்று பேரிடிகளிலும் வேலையை விட்டு வளைகுடாவுக்கும் மாலைதீவுக்கும் சென்ற பரிசாரகரும் சமையலாளரும் கொஞ்சமல்லர். மாளிகைகளின் 'ஒன்றரை நூற்றாண்டுப் பாரம்பரியம்' அவர்களைத் தாங்கவில்லை.

ஆகவே தங்கலாமா? தங்காமலிருப்பதால் எவர்க்கும் நன்மையில்லை. ஒரு புள்ளியின் பெறுமதி குறையும், அவ்வளவே. நாம் கருத்தரங்குக்குப் போகிறோம், அறையிலும் உறங்குகிறோம். ஆனால் விருந்தினர் என்ற வேடத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. படுக்கை விரிப்பவரின் பெயரைக் கேட்கலாம். எத்தனை மணி நேரம் நிற்கிறார், இருக்க நாற்காலி உண்டா, இந்த மாதம் புள்ளிக்கு எவ்வளவு வந்தது, சங்கம் உண்டா என்று கேட்கலாம். முதலிற் புன்னகையே விடையாக வரும். மேலாளர் அப்பாற் சென்றபின் வேறு விடை வரவும் கூடும். ஆசிரியர் சங்கங்கள் கூட்டம் நடத்த ஹோட்டலைத் தெரியும்போது, சாப்பாட்டின் விலையோடு, அங்கே தொழிற்சங்கத்துக்கு அநுமதி உண்டா என்பதையும் விசாரிக்கலாம். ஏற்பாட்டாளர்கள் முகஞ்சுளிப்பர். சேவைக் கட்டணத்தின் ஏற்றத்தாழ்வைச் சாராத வாழ்க்கைச் சம்பளம் என்ற கோரிக்கையை ஹோட்டற் பணியாளர் எழுப்பும்போது, அதே ஹோட்டலில் வறுமை பற்றிக் கட்டுரை வாசித்த நாம் எப்பக்கத்தில் நிற்கப்போகிறோம் என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.